ஓடைக்கு மேலே கண்டது

சிதம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் முதுநகரில். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டேகாலுக்கெல்லாம் கூடத்தில் இருப்பேன். ரத்தம், சளி, சிறுநீர், மலம் என்று ஜனங்கள் சின்னச் சின்ன டப்பாக்களில் கொண்டுவருவதை வாங்கி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. மலத்தை அந்தப் பெயரால் யாரும் சொல்ல மாட்டார்கள். "மோஷன் டெஸ்ட் சார்" என்று பாதிக் குரலில் சொல்லிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய டப்பாவை வேறு பக்கம் பார்த்தபடி நீட்டுவார்கள். நான் வாங்கி வைத்துவிட்டு, பார்த்து முடித்து, கை கழுவி, பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தோடு எனக்குக் குமட்டல் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடைக்குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவன் என் மச்சான், மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக நானே பார்த்து எழுதிக்கொண்ட ரிப்போர்ட்டை என் மனைவி அவனிடம் காட்டிவிட்டாள்.

"மாமா, ஜாஸ்தி யோசிக்காதீங்க. ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு மணி நேரம். சர்ச்சுல பூசைய முடிச்சிட்டு நேரா வந்துடுங்க" என்றான்.

போனேன். எங்கள் ஊரில் மலை என்று இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். அதை மலை என்று சொன்னால் மலைப்பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். செம்மண் மேடு. அதில்தான் வாரம் தவறாமல் ஏறி இறங்கினோம். சில வாரம் பிச்சாவரம் பக்கம் உப்பங்கழிக் கரையில் கிள்ளை வரை நடந்தோம். பதினான்கு பேர். குழுவை நடத்தியவர் சிதம்பரத்தில் மனை விற்பவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். எல்லாரும் அவரை 'லீடர்' என்றுதான் கூப்பிட்டோம். நடக்கும்போதே தன்னை வீடியோ எடுத்துக்கொள்வார். இயற்கை, ஆரோக்கியம், அம்மா மண் என்று அதில் பேசுவார். பேசி முடித்ததும் குரல் சட்டென்று மாறி, "யோவ், இன்னும் வரலியா அவுங்க?" என்பார்.

அவர் 'அவுங்க' என்று சொன்னது பெரும்பாலும் பண்ருட்டிக்கார அக்காவை. ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு இருக்கும். முந்திரி உடைக்கும் கொட்டகை ஒன்றை அவரும் கணவருமாக நடத்தினார்கள். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். கைகுலுக்க வருகிறவர்களிடம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு கும்பிடுவார். ஞாயிறு தோறும் முதல் பஸ்ஸில் பண்ருட்டியிலிருந்து வந்துவிடுவார். மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை.

"மலைன்னா எனக்கு உசுரு தம்பி. மழை பெய்யிற மலைய ஒருவாட்டியாவது பாத்துடணும். எங்க வூட்டுக்காரரு சர்க்கரக்காரரு, எங்கயும் வர மாட்டாரு. அதான் நானே கெளம்பிட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஆடி மாதக் கடைசியில் அந்த மழை மலைக்கு லீடர் ஏற்பாடு செய்தார். மேற்குக் கடற்கரையை ஒட்டி, மங்களூருக்கு வடக்கே உள்ள மலைத்தொடர். அங்கே ஆடி, ஆவணியில் பெய்கிற மழை நம் பக்கம் புயலில்கூடப் பெய்யாது. விழுப்புரத்தில் ரயில் ஏறினோம். பிறகு ஒரு வேன். மலையடிவாரத்தில் பாக்குத் தோப்புக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் தங்க இடம். போய் இறங்கியபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் பாசி. துவைத்துப் போட்ட துணியைப் போல ஆகாயமே சொட்டிக்கொண்டிருந்தது. பண்ருட்டி அக்கா வாசலில் நின்று இரண்டு கையையும் மழையில் நீட்டிக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு நிமிடம் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அன்று பிற்பகல், மறுநாள் ஏற்றத்துக்குக் கால் பழகட்டும் என்று லீடர் ஒரு அருவிக்கு அழைத்துப் போனார். ஒரு மணி நேர நடை. உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக முன்னால் போனார். ஐம்பது வயது ஆள், கன்னடம் மட்டும்தான் பேசுவார், அதுவும் அதிகம் பேசமாட்டார்.

பாதை தொடங்கிய இடத்திலேயே எனக்கு முகம் சுளித்தது. மரம் ஒவ்வொன்றும் மூன்று ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். அதன் வேருக்கு வேர் சிப்ஸ் பொட்டலம், நசுங்கிய பாட்டில், அட்டைப்பூச்சிக்குப் போடக் கொண்டுவந்து மிச்சமானதை எறிந்த உப்புப் பாக்கெட், குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய டயப்பர். மழையில் ஊறி அந்த டயப்பர் பூசணிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது. எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் முதுகுப்பையில் ஸ்பீக்கரை மாட்டிக் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டு நடந்தார். பிஸ்கட் தின்றுவிட்டு உறையைப் புதரில் செருகியவனைப் பார்த்தால், அது என் மச்சான்.

"ஏன்டா, புள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லித்தர்றியா?" என்றேன்.

"மாமா, இங்க ஏற்கெனவே எவ்ளோ கெடக்குது பாருங்க. நம்மது ஒண்ணு தெரியவா போவுது?"

உறையை நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதைச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அருவிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சமதளம். வருகிற எல்லாக் குழுக்களும் அங்கேதான் உட்கார்ந்து இளைப்பாறும் போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஓடை, வெள்ளை வெளேரென்று பாறையில் விழுந்து ஓடியது. லீடர் விசிலடித்துப் பத்து நிமிடம் என்றார். நான் சிறுநீர் கழிக்க ஒதுக்கமாக இடம் தேடி, ஓடையின் ஓரமாகவே மேலே ஏறினேன். இருபது அடி ஏறியிருப்பேன். புதருக்குப் பின்னால் கால் வைக்க இடமில்லை.

எத்தனை பேர், எத்தனை நாளாக அங்கே வந்து போயிருந்தார்களோ. டிஷ்யூ பேப்பர் கூழாகி வேர்களில் ஒட்டிக்கிடந்தது. கரையாத ஈரத் துடைப்புத் தாள்கள் கிளைகளில் தோரணம் போலத் தொங்கின. நாப்கின்கள். அவற்றுக்கு நடுவே மலம், பழையதும் புதியதும், மழை அடித்து அடித்துக் குழம்பாகி, மஞ்சளும் பழுப்புமாகச் சின்ன வாய்க்கால் கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்கே இறங்குகிறது என்று என் கண் தானாகவே தொடர்ந்து போனது. ஓடையில்.

அந்த வாய்க்காலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தால் என்ன தெரியும் என்று எனக்குப் பட்டியல் போட்டுச் சொல்ல முடியும். இருபத்திரண்டு வருடம் நான் பார்த்தது அதைத்தான்.  வந்த காரியத்தை மறந்து இறங்கிவிட்டேன்.

கீழே லீடர் ஓடையில் இறங்கி நின்று எல்லாருடைய பாட்டிலையும் வாங்கி நிரப்பிக்கொண்டிருந்தார். மச்சான் அவர் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"இது மூலிகைத் தண்ணி. ஆயிரம் வேர்ல பட்டு வருது. இத ஒருவாட்டி குடிச்சா மினரல் வாட்டர் பக்கம் போவ மாட்டீங்க" என்று லீடர் வீடியோவுக்குச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராகக் குடித்தார்கள். வழிகாட்டி மட்டும் தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, தன் காலில் ஏறிய அட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் குடிக்கவில்லை. நான் அதையும் கவனித்தேன்.

பண்ருட்டி அக்கா பாட்டிலை லீடரிடம் வாங்கி மூடியைத் திருகினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க லேப்ல இருக்கறவரு. இது குடிக்கலாமா?"

நான் வாயைத் திறந்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் ஏற்கெனவே குடித்துவிட்டார்கள். இருபது அடிக்கு மேலே நான் கண்டதை அத்தனை பேர் நடுவில், பெண்களும் இருக்கிற இடத்தில், எந்த வார்த்தை போட்டுச் சொல்வது என்று தெரியவில்லை. லீடர் என்னைப் பார்த்த பார்வையில் 'கெடுத்துடாத' என்று இருந்தது.

"ஓடற தண்ணிதானே அக்கா" என்றேன்.

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. மடக் மடக்கென்று பாதிப் பாட்டில் குடித்தார். என் பையில் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு பாட்டில் இருந்தது. நான் அதைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் மலையேற்றம். காடு முடிந்து புல்வெளி. மேகம் முகத்தில் மோதி ஓடியது. காற்று ஆளைத் தள்ளியது. ரெயின்கோட்டு போட்டும் உள்ளாடை வரை நனைந்திருந்தோம். மழை மறைத்ததால் ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா வழக்கம்போலக் கடைசியில் வந்தார். அன்று வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். காலையில் இட்டிலியைத் தொடவில்லை என்பதும், நடுவில் இரண்டு முறை காட்டுக்குள் ஒதுங்கினார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

புல்வெளியில் ஏறி அரைமணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் "ஐயோ" என்று சத்தம் கேட்டது. திரும்பினால், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு ஓடுகிறார். ஓடி என்ன செய்வது? அது மொட்டைப் புல்வெளி. மறைப்பு என்று ஒரு புதர் கிடையாது. நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். சுடிதாரின் வெளிர்நீல பேண்ட்டில் பின்புறம் முழுக்க மஞ்சளாக இறங்கியது. மழையில் அது இன்னும் விரிந்து, கால்வழியே செருப்புக்குள் போனது. அவர் அப்படியே குந்தி உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

எங்கள் குழுவிலிருந்த ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். ஸ்பீக்கர்காரர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொல்ல, அவர் தோள் குலுங்கச் சிரித்தார். யாரும் அக்காவின் பக்கம் ஓரடி எடுத்து வைக்கவில்லை. லீடர் என்னிடம் வந்தார்.

"இன்னும் முக்கால் மணி நேரத்துல உச்சிங்க. இத்தன பேரு இவ்ளோ தூரம் வந்துட்டு, ஒருத்தருக்காகத் திரும்பினா நல்லாவா இருக்கும்? நீங்க அவுங்கள மெதுவா எறக்கி இட்டும் போயிடுங்க."

"நான் மட்டுமா? ஒரு லேடீஸ் யாராவது கூட வரலாம்ல?"

லீடர் பெண்கள் நின்ற பக்கம் பார்த்தார். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க லேப் ஆளு. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றார்.

மச்சான் மட்டும் கிட்டே வந்தான். "மாமா, நான் வேணா இருக்கட்டுமா?" என்றான். கேட்கும்போதே அவன் கால் மேட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. போ என்றேன். வழிகாட்டி கையைக் காட்டி, இதே பாதை, இறங்கினால் ஜீப் தடம், அங்கே ஒரு வீடு என்று சைகையில் சொன்னார். பிறகு விசில் சத்தம். பன்னிரண்டு பேரும் மேகத்துக்குள் போய்விட்டார்கள்.

எனக்கு இதெல்லாம் பழக்கம் என்று லீடர் சொன்னார். அது பொய் என்பது அந்தப் புல்வெளியில் எனக்குத் தெரிந்தது. கூடத்தில் அது மூடி போட்ட டப்பாவில், ஒரு விரல்கடை அளவில், பெயர்ச்சீட்டு ஒட்டி வரும். இங்கே சூடாக, ஒரு மனுஷியின் உடம்பு முழுக்க, காற்றில் என் முகத்துக்கு வந்தது. அவரைத் தூக்கிவிடக் கையைக் கொடுத்தவன், அந்தப் பக்கம் திரும்பி இரண்டு முறை ஓங்கரித்தேன். காலையில் தின்றது வெளியே வந்தது.

"மூக்கப் பொத்திக்குங்க தம்பி. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்" என்றார் அக்கா.

பையில் நான் மாற்றுத் துணியாக ஒரு கைலி வைத்திருந்தேன். அதை அவரிடம் கொடுத்தேன். என் ரெயின்கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றேன். பாறைச் சரிவில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவர் கழுவிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நடுவில் மறுபடியும் போனது. "கடவுளே, கடவுளே" என்று முனகினார். என் காய்ச்சிய தண்ணீர் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தேன். அந்தப் பொட்டலத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருந்தேன். நான் எல்லாவற்றுக்கும் தயாராக வந்தவன்.

இறங்கத் தொடங்கினோம். இரண்டு மணி நேரம் ஆனது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். நாலு முறை நின்றோம். காட்டுக்குள் வந்ததும் அட்டைகள் ஏறின. அவர் கணுக்காலில் ஒன்று திராட்சை போல ஊதித் தொங்கியது. நான் நகத்தால் சுரண்டி எடுத்தபோது ரத்தம் நிற்காமல் ஓடியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுங்க பரவால்ல தம்பி. பசிக்குது, கடிக்குது" என்றார்.  சிரித்தவர்களைப் பற்றியோ மூக்கை மூடியவளைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் உள்ளுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். நாய்ப் பிறவிகள், மனுஷங்களா இவங்க என்று ஒவ்வொரு முகமாக நினைத்து நினைத்துத் திட்டினேன். என் முகம் அதில் வரவில்லை. வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஜீப் தடத்தின் ஓரத்தில் அந்த வீடு இருந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்து, எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.  அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா அந்தப் பெண்ணின் பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒரு கிண்ணத்தை நீட்டி, "கஞ்சி" என்றாள். அது நமக்குப் புரிகிற வார்த்தையாக இருந்ததில் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் அந்தப் பெண் அருவி இருக்கும் திசையைக் கையால் காட்டினாள். தண்ணீர் குடிப்பது போல் சைகை செய்து, குடித்தீர்களா என்பது போல் தலையை ஆட்டினாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் மூக்கைச் சுருக்கி, விரலை இடமும் வலமும் ஆட்டி, "கலீஜு, கலீஜு" என்றாள்.

அதுவும் நமக்குப் புரிகிற வார்த்தைதான்.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நேத்து குடிச்சோமே தம்பி, அந்தத் தண்ணியா?"

"இருக்கலாங்க்கா" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கேட்க வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் என் கைலியைத் துவைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் அங்கயே செத்துருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்கள் சாயங்காலம் இறங்கி வந்தார்கள். உச்சியில் எடுத்த வீடியோவை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். வெள்ளை மேகத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். லீடர் அக்காவிடம், "இன்னாங்க, இப்ப பரவால்லியா? உங்களுக்கு மலை ஒத்துக்கல, அவ்ளோதான்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார்.

'மலை இல்லை, தண்ணி' என்று நான் சொல்லவில்லை. என் பையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் முதலில் ஸ்பீக்கர்காரருக்கு ஆரம்பித்தது. பிறகு மூக்கை மூடிய பெண்ணுக்கு. பிறகு என் மச்சானுக்கு. சேலம் வருவதற்குள் ஆறு பேர் கழிவறைக் கதவைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தண்ணீர் தீர்ந்துபோன அந்தக் கழிவறையின் நாற்றத்தையும், மற்றப் பயணிகள் திட்டியதையும் விவரிக்க எனக்கு மனமில்லை. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

பண்ருட்டி போய்ச் சேர்ந்ததும் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று மச்சான் சொன்னான். இரண்டு நாள் குளுகோஸ் ஏறியதாம். எங்கள் போன் குழுவில் லீடர் வீடியோவைப் போட்டிருந்தார். ஓடையில் இறங்கி நின்று மூலிகைத் தண்ணீர் பிடிக்கும் காட்சியும் இருந்தது. பாட்டில் நிரம்பும்போது பின்னணியில் புல்லாங்குழல். கீழே எல்லாரும் கைகூப்பிய படங்களாகப் போட்டிருந்தார்கள். அந்த வீடியோவின் ஒரு மூலையில் என் குரலும் இருந்தது. கூர்ந்து கேட்டால் கேட்கும். "ஓடற தண்ணிதானே அக்கா."

அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினேன்.

பத்து நாள் போயிருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் தலை நிமிர்ந்தால், லீடர் நிற்கிறார். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தில் விசில் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய டப்பாவை வேறு பக்கம் பார்த்தபடி நீட்டினார்.

"ஒரு வாரமா வயிறு சரியில்லைங்க. ஒரே வாயு. ஏப்பம் விட்டா அழுகின முட்ட வாடை. டாக்டரு மோஷன் பாக்கச் சொன்னாரு."

வாங்கினேன். தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. பேரிக்காய் வடிவில், இரண்டு கண் வைத்தது போல, அந்த ஒட்டுண்ணி காய்ந்த இலை விழுவதைப் போலப் புரண்டு புரண்டு நீந்தியது. மலம் கலந்த தண்ணீரைக் குடித்தால் வருவது. பார்த்துக்கொண்டே இருந்தபோது, பல வருடம் கழித்து, கூடத்துக்குள் எனக்குக் குமட்டியது. வெளியே போய்க் குழாயடியில் நின்று முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது அவரிடம் சொன்னேன். ஓடைக்கு மேலே நான் கண்டதை, ஒன்றையும் விடாமல், சாதாரண வார்த்தைகளில் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இத குழுவுல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் வேற மலைக்கு ஆளு சேத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

பிறகு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஒரு நிமிஷம். நீங்க அப்பவே பாத்துட்டீங்களா? நாங்க குடிக்கறதுக்கு முன்னாடியே?"

"ஆமாம்."

அவர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தால் எனக்கு வந்த அருவருப்பு அப்படியே அவர் பார்வையில் இருந்தது. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அக்கா உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, வாங்க" என்று முகமெல்லாம் மலர்ந்தார். பத்து கிலோவாவது இளைத்திருந்தார். உள்ளேயிருந்த கணவரைக் கூப்பிட்டு, "இவருதான், நான் சொன்னேன்ல" என்றார். அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

கணவர் உள்ளே போனதும் சொன்னேன். உட்காராமல், நின்றபடியே சொன்னேன். ஓடைக்கு மேலே ஏறியது, கண்டது, இறங்கியது, அவர் கேட்டது, நான் சொன்ன பதில். வீடியோ ஓடியதையும் எல்லாரும் பார்த்ததையும் காரணமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அது எனக்கே கேட்கச் சகிக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா உடைத்த பருப்பு ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டார்.

"நான் உங்களத்தான கேட்டேன்" என்றார். "அத்தன பேரு இருந்தாங்க. வேற யாரையும் கேக்கல. உங்களத்தான் கேட்டேன்."

"ஆமாங்க்கா."

"உங்க பையில வேற தண்ணி இருந்துது."

"இருந்துது."

"அதத்தான் நீங்க குடிச்சீங்க."

நான் தலையாட்டினேன்.

"எம்மேல பேதியா போனப்போ வாந்தி எடுத்தீங்களே தம்பி. அன்னிக்கி எனக்கு வெக்கமா இருந்துது. பாவம், என்னால இவருக்கு இப்படின்னு." அவர் குரல் உயரவில்லை. "இப்ப உங்களப் பாத்தா எனக்கு அந்தக் கொமட்டல் வருது. கெளம்புங்க."

கிளம்பினேன். கணவர் காப்பி டம்ளரோடு வந்துகொண்டிருந்தார். "எங்க போறீங்க, உக்காருங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். பஸ் நிலையத்தில் பலாப்பழ வண்டிகளைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கடலூர் பஸ் வந்து போனது. ஏறாமல் நின்றேன். அதற்கடுத்த பஸ்ஸில்தான் ஏறினேன்.

மச்சானிடம் இதைச் சொன்னபோது, "வுடுங்க மாமா, வேணும்னா செஞ்சீங்க? நீங்கதான அவுங்கள எறக்கி இட்டும் வந்தீங்க" என்றான். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். எனக்கு அந்தச் சமாதானம் இனிப்பாக இல்லை. இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் தனியாகத்தான் கேப்பர் மலை ஏறுகிறேன். வேறு குழு எதிலும் சேரவில்லை.

தீபாவளிக்குப் பிறகு, ஒரு பிற்பகல், பண்ருட்டி எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"எங்க வூட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாங்க. பேப்பர்ல என்னென்னவோ போட்டுருக்கு. படிக்கிறேன், இன்னான்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

எழுத்தெழுத்தாக வாசித்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அதிகமாக இருந்தது. சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"பயப்படறமாதிரி இருக்குதா?" என்று கேட்டார்.

கூடத்தில் நாலு பேர் ரிப்போர்ட்டுக்காக என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். வாய்க்கு வந்தது, 'ஒண்ணும் இல்லக்கா' என்பதுதான்.

"இருக்குது" என்றேன். "சிறுநீரகத்துல ஆரம்பிச்சிருக்கு. இந்த வாரமே டாக்டரப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க."

 பிறகு, எந்த டாக்டர், எந்த ஊரில், என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் போனை வைத்துவிட்டார்.